மாஸ்டரின் காதுக்குப் பின்னால்

அந்தப் பெண் மருத்துவர் தன் கைப்பேசியை என் முகத்துக்கு நேராக நீட்டியபோது நான் வேட்டியைக்கூடச் சரியாகக் கட்டி முடித்திருக்கவில்லை. செங்கல்பட்டில் ஒரு தோல் மருத்துவரின் அறை. பகல் பதினொரு மணி. என் விதைப்பையின் அடியில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்திருந்தது. எழுபத்து நான்கு வயதில் அந்த இடத்தில் கட்டி வந்தால் எவனும் முதலில் புற்றுநோயைத்தான் நினைப்பான். மூன்று மாதம் யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடமும் சொல்லவில்லை. காலில் அரிப்பு என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுத் தனியாக வந்திருந்தேன். என் பேத்தி வயதுள்ள அந்தப் பெண் கையுறை போட்டுக்கொண்டு இரண்டு விரலால் அதைப் பிடித்துப் பார்த்தாள். "ஒண்ணுமில்லய்யா, தோலுக்கு அடியில வர்ற சாதாரணக் கட்டி. இதனால ஒரு கெடுதலும் இல்ல" என்றாள். நான் நம்பாததுபோல் அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். எனக்குத் தைரியம் சொல்வதற்காகத்தான் அந்தப் படத்தைக் காட்டினாள். "சிலருக்கு இது கொத்துக் கொத்தா வரும். இதப் பாருங்க, உங்களுது ஒண்ணுமே இல்ல."

படத்தில் யாரோ ஒரு ஆணின் விதைப்பை. அதன் தோலில் மஞ்சளும் வெள்ளையுமாக, மொச்சைக் கொட்டைகளை உள்ளே வைத்துத் தைத்ததுபோல் கட்டிகள். அவள் விரலால் தள்ளினாள். அடுத்த படத்தில் அதே ஆளின் காது, முன்னால் மடக்கிப் பிடிக்கப்பட்டிருந்தது. பின்பக்கம் மூன்று கட்டிகள். அந்தக் கட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அதே நிறம், அதே வரிசை. நாற்பத்தேழு வருடங்களுக்கு முன் வேறொரு மனிதனிடம் பார்த்து, அவற்றுக்கு வேறொரு பெயர் எழுதியிருக்கிறேன். "இதத் தொழுநோய்னு யாராவது நெனச்சிருப்பாங்களாம்மா?" என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். "குஷ்டமா? யாருய்யா அப்படி நெனப்பாங்க? லேசாக் குத்தி அமுக்கினா வெண்ணெ மாதிரி வெளிய வந்துடுமே. குடும்பத்துல ஓடுற சமாச்சாரம் இது. அப்பாவுக்கு இருந்தா புள்ளைக்கும் வரலாம். அவ்வளவுதான்." நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குத் தலைசுற்றுகிறது என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

நான் அரசின் தொழுநோய்த் தடுப்புப் பிரிவு ஒன்றில் இருபத்தெட்டு ஆண்டுகள் ஆய்வாளராக இருந்தவன். விலங்கியலில் பட்டம் வாங்கி, அதன்பின் பயிற்சி பெற்று வேலைக்கு வந்தேன். ஊர் ஊராக, வீடு வீடாகப் போய், ஆட்களைப் பகல் வெளிச்சத்தில் நிறுத்தித் தலை முதல் பாதம் வரை பார்ப்பது எங்கள் வேலை. விளக்கு வெளிச்சத்தில் பார்க்கக் கூடாது என்பது முதல் பாடம். காதிலிருந்து தொடங்க வேண்டும் என்பது இரண்டாவது பாடம். தோலில் வெளுத்த தேமல் இருந்தால் இறகால் தொட்டுப் பார்ப்போம். உணர்ச்சி இல்லையென்றால் நோய். ஆனால் நோயில் ஒரு வகை முடிச்சு முடிச்சாக வரும். காதில் வரும், முகத்தில் வரும், சில ஆண்களுக்கு விதைப்பையிலும் வரும். அந்த முடிச்சில் தொடு உணர்ச்சி இருக்கும், ஆகையால் இறகு உதவாது. கண்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். காதில் சின்னதாகக் கீறி எடுத்த நீரைக் கண்ணாடிச் சில்லில் தடவிச் சோதனைக்கும் அனுப்புவோம். ஆனாலும் கண்ணுக்குத்தான் மதிப்பு. எங்கள் பிரிவில் என் கண் தப்பாது என்று பேர் இருந்தது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தாலும் எதிரில் இருப்பவன் காதைத்தான் பார்ப்பேன். "மூஞ்சப் பாத்துப் பேசுங்க" என்று என் மனைவி தொடையில் கிள்ளுவாள். அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டேன்.

மாமல்லபுரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஓட்டலில் அவன் பரோட்டா மாஸ்டர். அவனுக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும், எனக்கு இரண்டு வயது கூட. கடற்கரை ஊர்களுக்குச் சுற்று வரும் நாட்களில் மத்தியானம் அங்கேதான் சாப்பிடுவேன். மாவை அவன் வீசுவதைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வாசலில் நிற்பார்கள். அவன் அவர்களைப் பார்க்கவே மாட்டான். சப்ளையரை வம்புக்கிழுத்தபடி, பாட்டுக்குத் தாளம்போல் கல்லில் கரண்டியைத் தட்டிக்கொண்டிருப்பான். ஒருநாள் அவன் குனிந்தபோது காதின் பின்பக்கம் ஏதோ தெரிந்தது. நான் எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தேன். "இன்னா சார், பொண்ணு பாக்க வந்தவன் மாறி காத மோந்துகினு கீற?" என்றான். ஓட்டலே சிரித்தது. "மாஸ்டருக்குக் கம்மல் வாங்கித் தரப் போறாரு" என்றான் சப்ளையர். நானும் சிரித்தேன். ஆனால் பார்த்தது பார்த்ததுதான்.

அவனாகவே அடுத்த வாரம் என்னைக் கொல்லைப்பக்கம் தண்ணீர்த் தொட்டியருகே கூட்டிப்போனான். சிரிப்பு இல்லை. "சார், எனக்குக் கல்யாணம் பேசிக்கினு கீறாங்க. அதுக்கு முன்னாடி ஒரு வாட்டி நீ பாத்து இது இன்னான்னு சொல்லிடு. டாக்டராண்ட காட்டக் கூச்சமா கீது. உன்னாண்டன்னா பரவால்ல" என்றான். சுற்றும் பார்த்துவிட்டு லுங்கியைத் தூக்கினான். கோவணத்தை விலக்கிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். நல்ல வெயில். விதைப்பை முழுவதும் கட்டிகள். "பதினேழு வயசுலேந்து கீது. வலி கெடையாது. ஒண்ணு ரெண்டா வந்துது, இப்ப இப்டி" என்றான். காதில் முடிச்சு, விதைப்பையில் முடிச்சு. புத்தகத்தில் படித்தது அப்படியே எதிரில் நின்றது. என் மனத்தில் அப்போது எழுந்தது இரக்கம் இல்லை, மகிழ்ச்சி. அதை மறைக்காமல் இங்கே எழுத வேண்டும். அந்த மாதம் புதிய நோயாளிகளைக் கண்டுபிடித்த கணக்கில் நான் பின்தங்கியிருந்தேன். எத்தனை பேரைக் கண்டுபிடித்தோம் என்பதை வைத்துத்தான் அன்று எங்கள் வேலையை அளந்தார்கள்.

காதில் கீறி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினேன். கிருமி இல்லை என்று வந்தது. இன்னொரு முறை அனுப்பினேன், அப்போதும் இல்லை. முடிச்சு வகை நோய் என்றால் கிருமி கொட்டிக் கிடக்க வேண்டும். இது எனக்குத் தெரியும். சோதனைச்சாலை ஊழியரைக் குறை சொன்னேன். மாதம் ஒருமுறை வரும் எங்கள் மருத்துவரிடம் அவனைக் காட்டினேன். அன்று அவருக்கு முன் பெரிய கூட்டம். காதை ஒரு பார்வை பார்த்தார். "கீழயும் இருக்கு சார், நான் பாத்துட்டேன்" என்று நானே சொன்னேன். அங்கே இருந்த அத்தனை பேர் நடுவில் அவன் அவிழ்த்துக் காட்ட வேண்டாமே என்று அவனுக்கு உதவி செய்வதாக வேறு நினைத்துக்கொண்டேன். "நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்று அவர் கையெழுத்துப் போட்டார். பதிவேட்டில் மாஸ்டரின் பெயரை என் கையால் எழுதினேன்.

பதிவேட்டில் ஒரு பெயர் ஏறினால் அந்த ஆளோடு வசிப்பவர்களையும் வேலை செய்பவர்களையும் பார்க்க வேண்டும் என்பது விதி. சைக்கிளில் போயிருக்கலாம். ஒவ்வொருவராக, வேறு வேறு நாளில், வேறு சாக்கில் பார்த்திருக்கலாம். பக்கவாட்டில் பெரிய எழுத்தில் துறையின் பெயர் எழுதிய ஜீப்பில் போனேன். முதலாளி, கல்லாப்பெட்டிக்காரர், சப்ளையர், இலை எடுப்பவர், மாவு ஆட்டுபவர் எல்லோரையும் ஓட்டலின் பின்பக்கம் வெயிலில் வரிசையாக நிறுத்திச் சட்டையைக் கழற்றச் சொன்னேன். "யாருக்கு சார்?" என்று முதலாளி கேட்டார். "அதச் சொல்லக் கூடாது, எல்லாருக்கும் பொதுவான சோதன" என்றேன். உண்மையில் யார் பெயரையும் நான் சொல்லவில்லை. ரகசியம் காத்துவிட்டதாகத் திருப்தியோடு ஜீப்பில் ஏறினேன். மாஸ்டரை ஏற்கெனவே பார்த்தாயிற்று என்பதால் அன்று அவனை வரிசையில் நிறுத்தவில்லை. எல்லோரையும் பார்த்தவன் ஒருவனை மட்டும் பார்க்காமல் போனால் அதற்கு என்ன அர்த்தம் என்று இலை எடுப்பவருக்குக்கூடப் புரிந்திருக்கிறது. எனக்குத்தான் புரியவில்லை.

அடுத்த முறை போனபோது கல்லின் முன்னால் வேறொரு ஆள் நின்றான். கல்லும் புதியது. "மாஸ்டரு போய்ட்டாரு சார். பழைய கல்ல மொதலாளி கடல்ல போட்டுட்டாரு" என்று சப்ளையர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "பொண்ணு வூட்டுக்காரங்க வந்து தட்டத் திருப்பிக் குடுத்துட்டாங்களாம்." பக்கத்து மேசையில் இருந்தவர்களைப் பார்த்து, தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை இது, மருந்து சாப்பிட்டால் பரவாது என்று நான் பேசத் தொடங்கினேன். எங்களுக்கு மனப்பாடமான பேச்சு அது. பேசி முடிப்பதற்குள் இரண்டு பேர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து மாஸ்டர் செங்கல்பட்டில் எங்கள் அலுவலக வாசலில் நின்றான். அடிக்க வந்திருக்கிறான் என்று நினைத்தேன். "மாத்திர துன்னா கட்டி போய்டுமா சார்?" என்று மட்டும் கேட்டான். போய்விடும் என்றேன். சதுரங்கப்பட்டினத்தில் தூரத்துச் சொந்தத்தில் ஒருவர் வீட்டில் இருப்பதாகவும், அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது என்றும் சொன்னான். "அங்க மட்டும் ஜீப்பு வேணாம் சார். மாசாமாசம் நானே இங்க பஸ் ஸ்டாண்டுக்கு வந்து வாங்கிக்கறேன்." சரி என்றேன். விதியைத் தளர்த்திய பெருந்தன்மைக்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன். அப்படிப் பதினோரு வருடம் வந்தான். திருக்கழுக்குன்றம் வழியாக வரும் வண்டியில் இறங்கி, பழக்கடைக்குப் பின்னால் நின்று பொட்டலத்தை வாங்கி மடியில் செருகிக்கொண்டு அடுத்த வண்டியில் போய்விடுவான். ஒரு மாதம்கூடத் தவறவில்லை. கட்டி போகவும் இல்லை. அட்டையில் நான் 'மாற்றமில்லை' என்று எழுதினேன். அப்புறம் அது நன்றாக இல்லையென்று 'முன்னேற்றம் உண்டு' என்று எழுதினேன்.

இப்போது எழுதப் போவதுதான் எனக்கு மிகவும் கஷ்டமானது. மூன்றாவது வருடமோ நான்காவது வருடமோ, பழக்கடைக்குப் பின்னால் அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார், கீழ ஒரு கட்டி தானா ஒடஞ்சிது. உள்ளேந்து வெண்ணெ மாறி வந்துது சார். இந்த நோவுல அப்டி வருமா?" என்று கேட்டான். வராது. தொழுநோய் முடிச்சில் வெண்ணெயும் இருக்காது, எண்ணெயும் இருக்காது. அது சதை வீக்கம். பயிற்சியின் முதல் மாதத்தில் படித்தது. அந்தக் கணத்தில் ஏதோ ஒன்று என் முதுகில் ஊர்ந்தது என்று இன்றும் என்னால் சொல்ல முடியும். அவனை உடனே அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போயிருந்தால் அன்றே முடிந்திருக்கும். ஆனால் அவனைப் பதிவு செய்தது நான், மற்றவர்களை வரிசையில் நிறுத்தியது நான், அவனுக்கு வேலை போனது என்னால். அது தப்பு என்று தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை. "மருந்து வேல செய்யுது, கழிவு வெளிய வருது" என்றேன். அவன் முகம் மலர்ந்தது. கும்பிட்டுவிட்டு வண்டி ஏறினான்.

பிறகு கூட்டு மருந்து வந்தது. அதில் ஒரு மாத்திரை தோலைக் கருக்கும். அவன் முகம் செம்பும் கறுப்புமாக மாறியது. கட்டி கொடுக்காத அடையாளத்தை மருந்து கொடுத்தது. இரண்டு வருடம் முடிந்ததும் குணமாகிவிட்டது என்று எழுதி அவனை விடுவித்தோம். புதிதாக வேலைக்கு வந்தவர்களிடம், ஒரு மாதம்கூடத் தவறாமல் மருந்து வாங்கிய நோயாளி என்று அவனைப் பற்றிப் பெருமையாகப் பேசினேன். அதற்குப் பின் அவனை நான் பார்க்கவில்லை. தனி ஆளாகவே காலம் தள்ளியிருப்பான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் அப்படித்தான் என்னிடம் சொல்லியிருந்தான்.

அந்தப் பெண் மருத்துவர் காட்டிய படத்துக்குப் பிறகு பதினைந்து நாள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். என்னுடையது புற்றுநோய் இல்லை என்ற நிம்மதி ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. கடைசியில் கல்பாக்கம் வண்டியில் ஏறி, அங்கிருந்து ஆட்டோவில் சதுரங்கப்பட்டினம் போனேன். டீக்கடையில் அடையாளம் சொல்லி விசாரித்தேன். "மாஸ்டரா? கோட்டைக்கு எதிர்ச் சந்துல கட. ஆனா இப்ப அவரு போடறது இல்ல, அவரு புள்ளதான் போடுது" என்றார் டீ ஆற்றியவர்.

புள்ளையா என்று நான் கேட்டது எனக்கே கேட்கவில்லை. குடும்பத்தில் ஓடும் சமாச்சாரம் என்று அந்தப் பெண் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கடை சின்னது. கல்லின் முன்னால் நாற்பது வயதை ஒட்டிய ஒருவன் மாவை வீசிக்கொண்டிருந்தான். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் மாஸ்டர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இனி அவரை 'அவன்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. தலை முழுக்க நரை. என்னைப் பார்த்ததும் கத்தி நின்றது. அவர் பார்வை என்னைத் தாண்டித் தெருவுக்குப் போனது.

"ஜீப்புல வந்தியா?" என்றார். இத்தனை வருடங்களுக்குப் பின் என்னிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை இது.

"இல்ல மாஸ்டர். பஸ்ல வந்தேன். நான் ரிட்டயர் ஆகி ரொம்ப நாளாச்சு."

"அப்ப இன்னாத்துக்கு வந்த?" மகன் திரும்பிப் பார்த்தான். "தெரிஞ்சவருடா, மகாபலிபுரத்துல பழக்கம். நீ கல்லப் பாரு" என்று சொல்லிவிட்டு என் முழங்கையைப் பிடித்துத் தள்ளாத குறையாகச் சந்துக்கு வெளியே கொண்டுவந்தார். கோட்டைச் சுவரின் நிழலில் நின்றோம். கடல் சத்தம் கேட்டது. சுற்றி வளைக்காமல் சொன்னேன். அது தொழுநோய் இல்லை, வெறும் கட்டி, சாதுவான கட்டி, என் கண் தப்பு, சோதனை இரண்டு முறையும் இல்லையென்றுதான் வந்தது, வெண்ணெய் வருகிறது என்று நீங்கள் சொன்ன அன்றே எனக்குச் சந்தேகம் வந்தது, மறைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப அந்த நோவு எனக்கு வர்லியா?"

"வரல."

"எப்பவும்?"

"எப்பவுமே வரல மாஸ்டர்."

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். "பதினோரு வருசம் துன்னேனே சார்" என்றார். கோபம் இல்லை, ஏதோ கணக்குத் தப்பியவர்போல் சொன்னார். பிறகு என் சட்டையைப் பிடித்தார். "அப்ப அவனுக்குக் கீறது?"

மகன் நின்ற கடைப்பக்கம் கை காட்டினார். அவர் சொல்லச் சொல்லத்தான் நான் செய்தது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிந்தது. சதுரங்கப்பட்டினம் வந்து சில வருடங்களில் கல்யாணம் செய்துகொண்டிருக்கிறார். எனக்குத் தெரிந்தால் ஜீப்பில் வந்து பெண்டாட்டி பிள்ளையை வரிசையில் நிறுத்துவேன் என்று பயந்து, மாதாமாதம் என்னிடம் ஒண்டிக்கட்டை என்று சொல்லியிருக்கிறார். மனைவிக்கு நோய் பற்றி எதுவும் தெரியாது. மகனுக்குப் பதினேழு வயதாகும்போது, பம்பு செட்டில் குளித்துவிட்டு ஈரத்துணி மாற்றுகையில் தற்செயலாகப் பார்த்திருக்கிறார். தன்னிடம் இருந்த அதே கட்டிகள். "நான் குடுத்துட்டேன்னு நெனச்சேன் சார். எந்நோவ எம் புள்ளைக்குக் குடுத்துட்டேன்னு. பழைய அட்டையக் காட்டி மெடிக்கல்ல மாத்திர வாங்கி, டீயில கலந்து குடுத்தேன். ஆறு மாசம். வெளுத்து, மூச்சு வாங்கினான். செத்துடுவான்னு பயந்து நிறுத்திட்டேன்." அதன்பின் மகனுக்கு வந்த ஒவ்வொரு வரனையும் ஏதாவது குறை சொல்லித் தட்டியிருக்கிறார். இன்னொரு வீட்டுப் பெண்ணுக்கும், பிறக்கப் போகும் பிள்ளைக்கும் இதைக் கொடுக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார். "எம் பொண்டாட்டி சாவற வரைக்கும் கேட்டா, ஏன்யா பெத்த புள்ளைக்கே எதிரியா நிக்கறன்னு. நான் வாயத் தொறக்கல. போய் ஆறு வருசம் ஆவுது அவ."

நான் அழுதேன். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. "எங்கிட்ட சொன்னது போதும். வா, அவனாண்ட சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டான். நீ எழுதினவன், நீயே சொல்லு" என்று நடக்கத் தொடங்கினார்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த இருவர் போகும்வரை காத்திருந்தோம். மாஸ்டர் அடுப்பை அணைக்கச் சொன்னார். மகன் கையில் ஒட்டிய மாவைத் தேய்த்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். இரண்டாவது முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். மாஸ்டரின் உடம்பில் இருந்தது என்ன, எங்கே இருந்தது, நான் அதற்கு என்ன பெயர் எழுதினேன், அதை நம்பி அவர் என்ன செய்தார். டீயில் கலந்ததை மாஸ்டரே சொன்னார். நான் முடித்ததும் அவன் கேட்ட குரல் மிகவும் சின்னதாக இருந்தது.

"அப்பா, உனக்கும் கீதா?"

மாஸ்டர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"எனக்குத் தெரியும்பா, இது ஒண்ணும் இல்லன்னு. இருவத்தாறு வயசுல செங்கல்பட்டு போய்க் காட்னேன். ஒண்ண வெட்டி எடுத்துச் சோதன பண்ணிச் சொன்னாங்க, இது சும்மா கட்டி, கண்ணாலம் கட்டிக்கலாம், ஒண்ணும் ஆவாதுன்னு. டாக்டரு கேட்டாரு, உங்கப்பாவுக்கு இருக்கான்னு. எங்கப்பாவுக்கு அப்டியெல்லாம் இல்ல சார்னு சொன்னேன்."

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?" மாஸ்டரின் குரல் உடைந்தது.

"அங்க கீறத எப்டிப்பா உங்கிட்ட சொல்றது?"

பதின்மூன்று வருடமாக அந்தப் பதில் இதே கடையில், இரண்டடி தூரத்தில், மாவு பிசைந்துகொண்டு இருந்திருக்கிறது. அந்தக் கட்டிகள் நெற்றியிலோ கையிலோ வந்திருந்தால் தெருவே பேசியிருக்கும். அப்பனைப்போலப் பிள்ளை என்று யாராவது ஒரு கிழவி கேலி செய்திருப்பாள். அதோடு தீர்ந்திருக்கும். ஆண் மறைத்து வைக்கும் இடத்தில் வந்ததால் இரண்டு ஆண்களும் ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்தார்கள். ஆனால் அவர்களின் கூச்சத்தின்மேல் பழியைப் போட்டு நான் தப்பிக்க முடியாது. கூச்சத்தை மீறி ஒருவன் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒருமுறை காட்டினான். காட்டியதற்கு அவனுக்குக் கிடைத்தது நான்.

"பொண்ணு வேணாம் வேணாம்னு சொன்னது இதுக்கா?" என்றான் மகன். "கடையப் பாத்துக்க ஆளில்லாம போய்டும்னு பயந்துதான் சொல்றன்னு நெனச்சேன்பா. அம்மாவும் அப்டித்தான் நெனச்சுது." மாஸ்டர் எழுந்து பின்னறைக்குள் போனார். மகன் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினான். நான் அணைந்த அடுப்பின் முன்னால் நின்றேன். "பரோட்டா இல்லியா அண்ணாத்த?" என்று வாசலில் ஒருவர் கேட்டார். இப்போது இல்லை என்றேன். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று என்னால் பிரிக்க முடியவில்லை, யாருடையது என்றும் தெரியவில்லை.

வெகு நேரம் கழித்து மகன் மட்டும் வந்தான். கண் சிவந்திருந்தது. என்னிடம் மரியாதையாகத்தான் பேசினான். "நீங்க கெளம்புங்க ஐயா. அப்பா உங்களப் பாக்க மாட்டேன்றாரு."

"மன்னிச்சுடச் சொல்லுப்பா" என்றேன்.

"அதப் பத்தி அவரு ஒண்ணும் சொல்லல. ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொன்னாரு. அவரு மாறி வேற யார்னா இருந்தாங்களான்னு."

இருபத்தெட்டு வருடம். எத்தனை காது, எத்தனை வரிசை, எத்தனை ஊரில் ஜீப்பின் கதவைச் சாத்தினேன். சோதனையில் இல்லையென்று வந்தும் என் கண்ணை நம்பி நான் எழுதிய பெயர்கள் உண்டு. அவர்களில் சிலரின் முகம்கூட நினைவிருக்கிறது. அவர்களுக்கு என்ன இருந்தது என்று இப்போது சொல்ல ஆளில்லை, பதிவேடுகளும் இல்லை. அவன் மாவுக் கையோடு காத்துக்கொண்டு நின்றான்.

"தெரியலப்பா" என்றேன்.

அதைச் சொல்ல அவன் உள்ளே போனான்.